அட்டை மருத்துவமனை ஆகாது

2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை நாட்டு மக்களுக்கு ஒரு வாக்குறுதி அளித்தது. மக்கள் நல்வாழ்வுக்கு அரசு செலவிடும் தொகை 2025ஆம் ஆண்டுக்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்தப்படும் என்பது அது. அடுத்த ஆண்டு, 2018 மார்ச் மாதத்தில், பிரதமர் மற்றொரு வாக்குறுதி அளித்தார். காசநோயை ஒழிக்க உலக நாடுகள் 2030ஐ இலக்காகக் கொண்டிருக்க, இந்தியா ஐந்தாண்டுகள் முன்னதாகவே, 2025இல், அதைச் சாதிக்கும் என்று தலைநகரில் அறிவித்தார்.

2025 வந்தது, போய்விட்டது. தேசிய நலவாழ்வுக் கணக்கின்படி, ஒன்றிய, மாநில அரசுகளின் செலவு முழுவதையும் கூட்டினாலும், கொரோனா பெருந்தொற்றுக் காலமான 2021-22இல்கூட எட்டப்பட்ட அளவு 1.84 விழுக்காடுதான். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியாவில் வாழ்கிறார். இரண்டு வாக்குறுதிகளும் ஏன் பொய்த்தன என்று ஆட்சியாளர்கள் மக்களுக்கு விளக்கம் தரவில்லை. தரவேண்டும் என்று அவர்கள் கருதியதாகவும் தெரியவில்லை. அவர்கள் மக்களிடம் நீட்டுவது வேறொன்று: ஐந்து லட்சம் ரூபாய்க்கான காப்பீட்டு அட்டை.

மருத்துவரும் மருந்தும் இல்லாத ஊரில் அந்த அட்டை என்ன செய்யும் என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய கேள்வி. நலவாழ்வு அமைப்பு என்பது வேறு. நோய்க்குப் பின் பணம் கட்டும் ஏற்பாடு என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதில்தான் கடந்த பல ஆண்டுகளின் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1946இல் காட்டப்பட்ட வழி

இந்தியாவுக்கு எத்தகைய அமைப்பு வேண்டும் என்பது விடுதலைக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டது. 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவின் கீழ், கர்னல் எஸ்.எஸ்.சோக்கே தலைமையில் இயங்கிய துணைக்குழு, ஆயிரம் மக்களுக்கு ஒரு சமுதாய நலப் பணியாளர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் அரசு நியமித்த குழு, 1946இல் விரிவான அறிக்கையை அளித்தது. சோவியத் மருத்துவ முறையை ஆராய்ந்து நூல் எழுதிய அறிஞர் ஹென்றி சிகரிஸ்ட் 1944இல் இந்தியா வந்து அக்குழுவுக்கு ஆலோசனை வழங்கினார் என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி.

பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவரும் போதிய மருத்துவத்தை இழந்துவிடக் கூடாது என்பது அவ்வறிக்கையின் அடிக்கல். நோய் வராமல் காப்பதும் வந்த நோயைத் தீர்ப்பதும் ஒரே அமைப்பின் இரு கைகளாக இயங்க வேண்டும் என்பது அதன் இரண்டாவது கோட்பாடு. நீண்டகாலத் திட்டமாக, 10,000 முதல் 20,000 மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், அதற்கு மேல்நிலையில் 650 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், மாவட்டத் தலைமையிடத்தில் 2,500 படுக்கைகளும் அமைய வேண்டும் என்று அது வரையறுத்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 ஜூலை 5 அன்று, பிரிட்டன் தனது தேசிய நலவாழ்வுச் சேவையைத் தொடங்கியது. போரால் நொறுங்கி, உணவுப் பங்கீடு நீடித்த நாடு அது. பணம் இருந்ததால் அவர்கள் அதைத் தொடங்கவில்லை. தொழிலாளர் இயக்கத்தின் வலிமை அதைத் தொடங்க வைத்தது. இந்தியாவில் 1952 அக்டோபர் 2 அன்று ஆரம்ப சுகாதார நிலையங்கள் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாகத் தொடங்கின. ஆனால் 1946இல் வரையப்பட்ட அளவில் அவை ஒருநாளும் கட்டப்படவில்லை. 75 படுக்கைகள் சொல்லப்பட்ட மக்கள்தொகையைவிடக் கூடுதலான மக்களுக்கு, 30,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில், ஒருசில படுக்கைகள் கொண்ட நிலையம் இருந்தால் போதும் என்பதே இன்றைய அளவுகோல். அந்த அளவுகோலும் பல மாநிலங்களில் நிறைவேறவில்லை. 2021-22ஆம் ஆண்டின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, ஊரகச் சமுதாய நலவாழ்வு மையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இல்லை. அறுவைச் சிகிச்சை அறை இருக்கும். அறுவைச் சிகிச்சை நிபுணர் இருக்கமாட்டார். மகப்பேறு மருத்துவர் இருந்தால் மயக்க மருந்து மருத்துவர் இருக்கமாட்டார்.

இவ்வளவு குறைகளோடும் அந்தப் பொது அமைப்பு செய்து காட்டியது சிறிதன்று. பெரியம்மை இந்நாட்டிலிருந்து 1975இல் விரட்டப்பட்டது. 2014இல் இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடு என்று சான்றளிக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று, ஆற்று வெள்ளத்திலும் மலைப் பாதையிலும் தடுப்பு மருந்துப் பெட்டியைச் சுமந்து இதைச் சாதித்தவர்கள் அரசின் ஊழியர்கள். எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஒரு கொள்ளைநோயை ஒழித்ததாக வரலாறு இல்லை.

அட்டை எவ்வாறு வேலை செய்கிறது

2007இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்திலும், 2008இல் ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா யோஜனா என்ற பெயரில் அகில இந்திய அளவிலும் அரசு செலவிலான காப்பீடு தொடங்கியது. 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் திட்டமாக அது விரிவாக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்ற அறிவிப்பு, கடனுக்கு அஞ்சி நோயை மறைத்து வாழும் குடும்பங்களுக்கு ஆறுதலாக ஒலிப்பது இயல்பே. அந்த ஆறுதலை ஏளனம் செய்வது சரியன்று. உயிர் காக்கும் அறுவைச் சிகிச்சை அதனால் கிடைத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஒரு கட்டடத் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு வேண்டியது மாதம் ஒருமுறை பரிசோதனை, நாள்தோறும் சில மாத்திரைகள், வேலைக்குப் போகும் முன்போ திரும்பிய பின்போ திறந்திருக்கும் மருத்துவ நிலையம். இவற்றில் எதற்கும் அந்த அட்டை பயன்படாது. அது உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கு மட்டுமே உரியது. புறநோயாளியின் செலவு அதில் வராது. மாத்திரை வாங்க இயலாமல் சில மாதங்கள் விட்டு, சிறுநீரகம் பழுதடைந்தோ பக்கவாதம் தாக்கியோ அவர் படுத்த பிறகு அட்டை விழித்துக்கொள்கிறது. சில நூறு ரூபாயில் தடுத்திருக்கக்கூடிய துன்பத்துக்குப் பொதுப்பணத்தில் பல ஆயிரம் செலவாகிறது. அவரது வேலையும் போகிறது. இழந்த கூலிக்கு அட்டையில் இடமில்லை.

தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கு இந்த உண்மையை எண்களில் காட்டுகிறது. நோயுற்றுப் புறநோயாளியாகச் சிகிச்சை பெற்றோரில் அரசு மருத்துவமனைகளுக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கைப்பணம் கொடுத்துத் தனியாரிடம் சென்றனர். உள்நோயாளிகளிலும் 55 விழுக்காட்டினர் தனியார் மருத்துவமனைகளில் இருந்தனர். மகப்பேறு நீங்கலாக ஒருமுறை உள்நோயாளியாகத் தங்குவதற்கான சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியார் மருத்துவமனையில் 31,845 ரூபாய்.

மக்களின் கைச்செலவு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது 2021-22இல் 39.4 ஆகக் குறைந்துவிட்டது என்று ஒன்றிய அரசு பெருமை கொள்கிறது. அரசின் கணக்கையே ஏற்றாலும், நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் பத்து ரூபாய்க்கு நான்கு ரூபாய் நோயாளியின் மடியிலிருந்து வருகிறது. பணமில்லாமல் மருத்துவரிடமே போகாதவரின் செலவு அந்தக் கணக்கில் சுழியம்; அவரது வலி எந்தக் கணக்கிலும் இல்லை.

பணம் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் வழங்கும் தொகையின் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. அவை மாநகரங்களிலும் வளமான மாவட்டங்களிலும் குவிந்துள்ளன. மருத்துவமனை இல்லாத பழங்குடி மாவட்டத்தில் அட்டை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கலாம். அதைக் கொடுக்க இடம் இருக்காது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகியிருப்பதைக் கண்டறிந்தது. ஏற்கெனவே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேருக்குச் சிகிச்சை அளித்ததாகக் காட்டி 6.97 கோடி ரூபாய் பெறப்பட்டிருப்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இதைவிடக் கொடியது முந்தைய திட்டத்தின் காலத்தில் நடந்தது. பீகாரிலும் சத்தீஸ்கரிலும் தனியார் மருத்துவமனைகள் காப்பீட்டுத் தொகைக்காக ஏழைப் பெண்களின் கருப்பையைத் தேவையின்றி அகற்றியது 2012இல் வெளிவந்தது. வயிற்றுவலி என்று சென்ற பெண்கள் புற்றுநோய் அச்சம் காட்டப்பட்டு அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். இதுபற்றிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. நோய் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை குறித்து, அதை இலாபத்துக்கு இயங்கும் நிறுவனத்தின் கையில் கொடுத்தால் ஏழையின் உடல் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காப்பீடு அனைத்தும் ஒரே தன்மையுடையது அன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்துக்குச் சொந்த மருந்தகங்களும் சொந்த மருத்துவமனைகளும் உண்டு. புறநோயாளிக்கும் சிகிச்சை உண்டு. நோயால் இழந்த கூலிக்கும் ஈடு உண்டு. அதன் குறைகளைத் தொழிலாளர்கள் நன்கறிவார்கள். ஆயினும் அங்கே பணம் மருத்துவமனையாக மாறியது. ஆயுஷ்மான் பாரத்தில் பணம் பிறர் மருத்துவமனையின் வருவாயாக மாறுகிறது. வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

நால்வரில் இல்லாத ஐந்தாமவர்

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறார்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நலவாழ்வுக் கொள்கை எதையும் அளக்க இந்த நான்கே போதும். மக்களின் வரிப்பணம் இந்நால்வரில் யாருக்குச் செல்கிறது, எவ்வளவு செல்கிறது என்று கேட்டால் கொள்கையின் வர்க்கத் தன்மை வெளிப்பட்டுவிடும். இன்றைய கொள்கையில் இந்நால்வரும் மெலிய, பட்டியலில் இல்லாத ஐந்தாமவர் கொழுக்கிறார். காப்பீட்டு நிறுவனம், இடைத்தரகு நிறுவனம், மருத்துவமனைச் சங்கிலிகளை விலைக்கு வாங்கும் முதலீட்டு நிதியம் ஆகியவையே அந்த ஐந்தாமவர்.

மருந்தின் நிலையைப் பார்க்கலாம். 2024இன் தொடக்கத்தில் பல மாநிலங்களில் காசநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மருந்தை வாங்கி அனுப்பும் பொறுப்பு ஒன்றிய அரசுடையது. அது மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். நோயாளி மட்டுமன்றி அவர் வீடும் தெருவும் ஆபத்துக்குள்ளாகும். ஒழிப்பு ஆண்டுக்கு ஓராண்டு முன்பு நிலைமை இதுதான்.

ஒரு காலத்தில் இந்நாடு மருந்தில் வேறு வழியைத் தேர்ந்தது. 1954இல் பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனமும், 1961இல் சோவியத் உதவியுடன் இந்தியன் டிரக்ஸ் அண்டு பார்மசூட்டிகல்ஸ் நிறுவனமும் பொதுத்துறையில் எழுந்தன. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை மறுத்து, செய்முறைக்கு மட்டும் அளித்தது. அதனால் இந்தியா ஏழை நாடுகளின் மருந்தகமாக உயர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் போராடிச் சேர்க்கவைத்த காப்புகளில் முதன்மையானது 3(டி) பிரிவு. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை கேட்கும் தந்திரத்தை அது தடுக்கிறது. இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றின் மீது நோவார்டிஸ் நிறுவனம் கோரிய உரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவின் அடிப்படையில் மறுத்தது. ஆனால் பொதுத்துறை மருந்து நிறுவனங்கள் காக்கப்படவில்லை. மோடி அரசு 2016 டிசம்பரில் இந்தியன் டிரக்ஸ் நிறுவனத்தை மூட முடிவு செய்தது.

தடுப்பூசியிலும் இதே கதைதான். கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய இடங்களில் இருந்த பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமம் 2008இல் நிறுத்தி வைக்கப்பட்டது. போராட்டங்களுக்குப் பிறகு அது மீட்கப்பட்டது. பெருந்தொற்று வந்தபோது செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் எழுந்த தடுப்பூசி வளாகம் வெறுமையாக நின்றது. தனியார் நிறுவனங்கள் ஒன்றிய அரசுக்கு ஒரு விலை, மாநிலங்களுக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைகளுக்கு ஒரு விலை என்று விற்க 2021 மே மாதம் அனுமதிக்கப்பட்டன. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பாலும் உச்ச நீதிமன்றத்தின் கேள்விகளாலும் ஜூன் மாதத்தில் அக்கொள்கை கைவிடப்பட்டது.

அருகிருந்து பேணுபவர்

நான்காவது உறுப்பாகிய பேணுபவரே இன்று மிகவும் வஞ்சிக்கப்பட்டவர். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் கீழ், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஆஷா ஊழியர்கள் நியமிக்கப்பட்டனர். சோக்கே குழுவின் பழைய கனவுக்கு அது தொலைவிலிருந்து வந்த விடை. இன்று அவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர், அனைவரும் பெண்கள். கருவுற்ற தாயைப் பதிவு செய்வதும், பிறந்த குழந்தையை வீட்டில் சென்று பார்ப்பதும், காசநோயாளி மாத்திரை உட்கொள்கிறாரா என்று கவனிப்பதும் இவர்களே. பெருந்தொற்றின்போது போதிய முகக்கவசமின்றித் தெருத்தெருவாக நடந்ததும் இவர்களே. 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது அளித்தது. பிரதமர் வாழ்த்தினார்.

ஆனால் சட்டத்தின் முன் அவர்கள் தொழிலாளர்கள் அல்லர், தன்னார்வலர்கள். பெறுவது ஊதியம் அன்று, ஊக்கத்தொகை. வழக்கமான பணிகளுக்கென ஒன்றிய அரசு 2018இல் மாதம் 2,000 ரூபாய் நிர்ணயித்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அதை 3,500 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அமர்ந்த அந்த முத்தரப்பு அவையின் பரிந்துரையை எந்த ஒன்றிய அரசும் நிறைவேற்றவில்லை. ஆஷா ஊழியரின் கோரிக்கை எந்த மாநிலத்தில் எழுந்தாலும், அங்கு ஆட்சியில் இருப்பவர் யாராயினும், அக்கோரிக்கை நியாயமானது என்பதில் உழைப்பாளி மக்களின் இயக்கத்துக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

மருத்துவமனைக்கு வெளியே

மக்களின் உடல்நலம் மருத்துவமனையில் மட்டும் உருவாவதில்லை. 1848இல் மேல் சைலீசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்ற ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ, வறுமையையும் கல்வியின்மையையும் அடக்குமுறை ஆட்சியையும் நோயின் காரணங்களாக எழுதினார். மருந்துச் சீட்டுக்குப் பதிலாகச் சனநாயகமும் கல்வியும் வளமும் வேண்டும் என்றார். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வைப் படிப்பவருக்கு அந்த அறிக்கை இன்று எழுதப்பட்டதுபோல் தோன்றும். 2019-21இல் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிக் குன்றியவர்கள். எந்த அட்டையும் சோற்றுத் தட்டை நிரப்பாது. பொது விநியோகம், சத்துணவு, குடிநீர், கழிவுநீர் வசதி, ஊரக வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கான ஒதுக்கீட்டைக் குறைக்கும் அரசு, நோயைத்தான் உற்பத்தி செய்கிறது.

2023ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை இந்திய அளவில் 25. கேரளத்தில் 5, மத்தியப் பிரதேசத்தில் 37. 2018-20 கணக்கில், ஒரு லட்சம் பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு கேரளத்தில் 19, அசாமில் 195. ஒரே நாடு, ஒரே அரசமைப்புச் சட்டம். வேறுபாட்டைச் செய்தவை நிலச்சீர்திருத்தமும், பெண்கல்வியும், பொது விநியோகமும், 1996 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்ட அதிகாரப் பரவலும் ஆகும். கேரளத்திலும் தனியார் மருத்துவம் பெரிது. மக்களின் கைச்செலவும் மிகுதி. ஆகவே அங்கும் பணி முடிந்துவிடவில்லை. ஆயினும் மக்கள் இயக்கம் எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு அது கண்ணெதிரில் நிற்கும் சான்று.

இரண்டு ஆட்சேபணைகள்

பணம் இல்லை என்பது முதல் ஆட்சேபணை. அதற்கு உச்ச நீதிமன்றமே 1996இல் விடை அளித்துவிட்டது. தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் காயமடைந்த ஒரு விவசாயத் தொழிலாளியை, கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லையென்று திருப்பி அனுப்பின. அவர் தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். விவசாயத் தொழிலாளர் அமைப்பு ஒன்று தொடுத்த அவ்வழக்கில், உரிய நேரத்தில் மருத்துவம் அளிக்கத் தவறுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவை மீறுவதாகும், நிதி இல்லை என்று கூறி அரசு அக்கடமையிலிருந்து விலக முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அன்று மேற்கு வங்கத்தில் இருந்தது இடது முன்னணி அரசு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பு இடதுசாரிகளுக்கும் ஒரு பாடமாகும். பிறர் ஆட்சியில் கேட்பதைத் தம் ஆட்சியில் செய்து காட்டும் கடமை அவர்களுக்கு உண்டு.

அரசு மருத்துவமனை மோசமாக இருக்கிறது, மக்களே அதை விரும்பவில்லை என்பது இரண்டாவது ஆட்சேபணை. இதை வெறும் அவதூறு என்று தள்ளிவிட முடியாது. நீண்ட வரிசை, இல்லாத மருந்து, கடுஞ்சொல், கையூட்டு ஆகியவற்றை அனுபவிப்பவர்கள் ஏழைகளே. ஆனால் நாற்பது பேரைப் பார்க்க வேண்டிய மருத்துவர் இருநூறு பேரைப் பார்க்கும் இடத்தில் கனிவு நிலைப்பது அரிது. முதலில் நிதியைக் குறைப்பது, பின்னர் ஒப்பந்தப் பணியாளர்களைக் கொண்டு ஓட்டுவது, அதனால் தரம் கெட்டதும் தனியாரிடம் ஒப்படைப்பது என்பதே எங்கும் காணும் வரிசை முறை. நிதி ஆயோக் 2017இல் மாவட்ட மருத்துவமனைகளின் ஒரு பகுதியைத் தனியாருக்கு முப்பது ஆண்டுக் குத்தகைக்கு விடும் வரைவை முன்வைத்தது. 2020இல் மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுடன் இணைக்கும் திட்டத்தை வெளியிட்டது. ஆந்திரத்தில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் பத்தினைத் தனியார் கூட்டு முறைக்கு விடும் முடிவை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கியுள்ளனர். நல்ல முறையில் நடத்தினால் மக்கள் அரசு மருத்துவத்தை நாடி வருவார்கள் என்பதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சான்று. 1995 முதல் மருந்துகளை மொத்தமாக, வெளிப்படையாக வாங்கி விநியோகித்த அம்முறையைப் பின்னர் பல மாநிலங்கள் பின்பற்றின.

செய்ய வேண்டுவன

கோரிக்கைகள் தெளிவானவை. நலவாழ்வுக்கான அரசுச் செலவை வாக்களித்தபடி 2.5 விழுக்காடாக உடனே உயர்த்தி, மேலும் உயர்த்திச் செல்ல வேண்டும். காலியிடங்களை நிரந்தரப் பணியாளர்களால் நிரப்ப வேண்டும். ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும். இன்றியமையா மருந்துகளும் பரிசோதனைகளும் அரசு நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பொதுத்துறை மருந்து, தடுப்பூசி நிறுவனங்களுக்கு உயிர் கொடுக்க வேண்டும். தனியார் மருத்துவமனைக் கட்டணங்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும். மாவட்ட மருத்துவமனை எதுவும் தனியார் கைக்குப் போகக் கூடாது. பெயர்ப்பலகையை மாற்றவில்லை என்று மாநிலங்களுக்குரிய நலவாழ்வு இயக்க நிதியைத் தடுத்து வைக்கும் போக்கு கைவிடப்பட வேண்டும். 2023இல் ராஜஸ்தான் சட்டமன்றம் முதன்முதலாக இயற்றிய நலவாழ்வுரிமைச் சட்டத்தைப் போன்று, அதைவிட உறுதியான சட்டம் நாடு முழுமைக்கும் வேண்டும்.

ஆனால் கோரிக்கைகளை அச்சிடுவதால் மட்டும் அவை நிறைவேறா. ஒவ்வொரு கட்சிக் கிளையும் தன் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தை அறிந்திருக்க வேண்டும். அங்கு எத்தனை மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் உள்ளன, எத்தனை காலி, எந்த மருந்து எத்தனை நாளாக இல்லை, இரவில் மகப்பேறு பார்க்கப்படுகிறதா, துணை நிலையத்துக்குக் குடிநீரும் மின்சாரமும் உண்டா என்பன கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும். அந்த விவரங்கள் கிராமசபையிலும் வார்டு கூட்டத்திலும் எழுப்பப்பட வேண்டும். நோயாளியின் கோபம் அங்குள்ள செவிலியர் மீது பாயாமல், அவரை ஒப்பந்தக் கூலியில் வைத்திருக்கும் கொள்கை மீது திரும்பச் செய்வது அரசியல் பணி. செவிலியரும் ஆஷா ஊழியரும் தம் போராட்டத்தில் நோயாளிகளைத் தம் பக்கம் கொண்டுவருவதும் அதே பணியின் மறுபாதி. மருத்துவமனைக் கடனால் ஒரு தோழரின் குடும்பம் தவிக்கும்போது நிதி திரட்டுவது இயக்கத்தின் நல்ல மரபு. அந்தக் கடனை உண்டாக்கிய கொள்கையை அதே குடும்பத்தோடு அமர்ந்து பேசுவதும் மரபாக வேண்டும்.

1946ஆம் ஆண்டின் அறிக்கை எண்பது ஆண்டுகளாக நூலகங்களில் இருக்கிறது. அது வேண்டிய மருத்துவமனை இன்னும் பல ஊர்களுக்கு வரவில்லை. அதை வரவழைக்கும் வலிமை எந்த அட்டைக்கும் கிடையாது. அணிதிரண்ட மக்களுக்கே உண்டு.